வெள்ளம் புகுந்த வீட்டுக் கிணறு: பிளீச்சிங் பவுடரை ஒரு கை அள்ளிப் போட்டால் போதுமா?

மழை விட்டாச்சு. தெருவில் நின்ற தண்ணீரும் வடிஞ்சாச்சு. வீட்டைக் கழுவி, பாய் தலையணையை மொட்டை மாடியில் காயப்போட்டு முடித்ததும் அடுத்து எல்லோரும் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். தண்ணீர் கையெட்டும் உயரத்தில் நிற்கிறது, நிறம் மட்டும் டீ மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஒரு கை பிளீச்சிங் பவுடர் போட்டு விடுங்க, நாளைக்கு சரியாயிடும்."

இந்த ஒரு கை கணக்குதான் பிரச்சினை. சுத்தமாக இருக்கும் கிணற்றுக்கு அந்த அளவு கிட்டத்தட்ட சரியாகவே இருக்கலாம். ஆனால் வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டுக்கும் தேவைப்படும் அளவில் இருக்கும் வித்தியாசம் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ கிடையாது, ஏறக்குறைய 80 மடங்கு. அதைவிட முக்கியமான இன்னொரு விஷயமும் இருக்கிறது. எவ்வளவு சரியாக மருந்து போட்டாலும், கழிவுநீர் கிணற்றுக்குள் வரும் வழி திறந்தே இருந்தால் அடுத்த சில நாட்களில் கிருமி திரும்ப வந்துவிடும்.

டைபாய்டு, காலரா, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ மற்றும் ஈ எல்லாமே இந்த வழியாக வரக்கூடியவை. ஹெபடைடிஸ் ஈ கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால் வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றை என்ன செய்வது என்பதை முதலில் இருந்து பார்ப்போம்.

மோட்டார் சுவிட்சைத் தொடாதீங்க

முதல் வேலை தண்ணீரைப் பார்ப்பது இல்லை, மின்சாரத்தைப் பார்ப்பது. மோட்டாரோ அதன் சுவிட்ச் பெட்டியோ வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், மெயின் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று ஈரக் கையோடு சுவிட்சைத் தட்டுவது வேண்டாம். மோட்டார் எரிந்தால் காசோடு போகும். கிணற்று மேடையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது மின்கசிவு ஏற்பட்டால் உயிர் போகும்.

அடுத்தது அவசரம். தண்ணீர் கலங்கி இருக்கிறதே என்று உடனே மோட்டார் வைத்து முழுவதையும் இறைத்துவிட நினைப்பது இயல்புதான். ஆனால் சுற்றியுள்ள மண் முழுக்க ஊறிப்போய் இருக்கும் நேரத்தில் கிணற்றை மட்டும் வேகமாகக் காலி செய்தால், வெளியே இருக்கும் நீரின் அழுத்தம் உறைகளை உள்ளே தள்ளும். பழைய செங்கல் கிணறு என்றால் சுவர் சரியவே வாய்ப்பு உண்டு. தெருவில் தண்ணீர் வடிந்து, கிணற்றின் நீர்மட்டமும் கொஞ்சம் இறங்கும் வரை பொறுங்கள். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர்தான்.

கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிய அடுக்காக உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்திலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. உப்பை வெளியேற்றலாம் என்று கிணற்றை மேலும் மேலும் இறைத்தால், அடியில் இருக்கும் உப்புநீர் மேலே ஏறி வரும் அபாயம் இருக்கிறது என்று அப்போதே நிபுணர்கள் எச்சரித்தார்கள். பிளீச்சிங் பவுடர் உப்பை எடுக்காது. அதற்கு மருந்து மழைதான். அடுத்தடுத்த மழை இறங்கி மெல்ல மெல்ல உப்பைக் கழுவ வேண்டும்.

உள்ளே இறங்குவது யார்?

கிணற்றைத் தூர் வாரும்போது ஒருவர் மயங்கி விழுந்தார், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் போனார், மூன்றாமவரும் போனார். இந்தச் செய்தியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாசிக்காதவர்கள் இருக்க முடியாது. பெரும்பாலும் ஒரே குடும்பம், இல்லாவிட்டால் ஒரே தெரு.

காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மூடிக்கிடந்த கிணற்றில், அழுகிய இலை தழையும் சேறும் சேர்ந்த அடியில், கார்பன் டை ஆக்சைடு தேங்கி நிற்கும். அது காற்றைவிட கனமானது, தானாக மேலே வராது. கூடவே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை நாற்றம் இருக்கிறதே, தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாற்றம் தெரியும். அளவு கூடினால் அது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் திரும்பி ஏறுவதில்லை.

விளக்கையோ மெழுகுவர்த்தியையோ கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் அணையாவிட்டால் இறங்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஆக்சிஜன் குறைவதை மட்டும்தான் சுடர் காட்டும், விஷ வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் தீப்பிடித்து வெடிக்கவும் செய்யும். இன்னொரு பழக்கம் இதைவிட மோசம்: டீசல் அல்லது பெட்ரோல் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிடுவது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்ல சில நிமிடங்கள் போதும்.

இதனால் வீட்டு ஆட்கள் யாரும் இறங்க வேண்டாம். மிதக்கும் குப்பை, இலை, செத்த எலி, தவளை எல்லாவற்றையும் மேலிருந்தே வாளி, வலை, பாதாளக் கரண்டி போட்டு எடுக்கலாம். அடியில் சேறு அதிகம் சேர்ந்து, தூர் வாரியே ஆக வேண்டும் என்றால், வாயு அளக்கும் கருவி, காற்றை உள்ளே செலுத்தும் புளோயர், இடுப்பில் பாதுகாப்புப் பட்டை, மேலே கயிற்றைப் பிடிக்க குறைந்தது 2 பேர் என்று முறையாக வரும் ஆட்களிடம் கொடுங்கள். கூலி கூடத்தான் ஆகும். "நான் வருஷாவருஷம் இறங்குறேன், ஒண்ணும் ஆகலை" என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். உள்ளே யாராவது மயங்கிவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். 101-க்கோ 112-க்கோ கூப்பிட்டுவிட்டு, மேலிருந்து காற்று போக வழி செய்யுங்கள்.

சரி, எவ்வளவு பவுடர் போடணும்?

இதற்குக் கிணற்றில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கணக்கு சுலபம்தான். ஒரு டேப்பும், நுனியில் கல் கட்டிய கயிறும் போதும். கிணற்றின் உள் விட்டத்தை அடியில் அளந்துகொள்ளுங்கள். கல் தரை தட்டும் வரை கயிற்றை இறக்கி, மேலே எடுத்து, நனைந்திருக்கும் நீளத்தை அளந்தால் அதுதான் தண்ணீரின் ஆழம். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை ஆழத்தால் பெருக்கி, வருவதை 22-ஆல் பெருக்குங்கள். லிட்டர் கிடைத்துவிடும்.

உதாரணமாக 8 அடி விட்டம், 10 அடி தண்ணீர் என்றால் 8 × 8 × 10 × 22. சுமார் 14,000 லிட்டர். ஒரு பெரிய டேங்கர் லாரியில் வருவதைவிட அதிகம்.

வழக்கமான நாட்களில், தெளிந்த, கழிவு கலக்காத கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். நம் 14,000 லிட்டர் கிணற்றுக்கு 35 கிராம். ஒரு கை அள்ளினால் ஏறக்குறைய இதுதான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

வெள்ளம் புகுந்த கிணறு வேறு கதை. அங்கே கிருமி தண்ணீரில் மட்டும் இல்லை. உறைகளின் இடுக்கில், பாசியில், அடிச்சேற்றில், மோட்டார் குழாயின் உள்பக்கத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் கலந்திருக்கும் மண்ணும் குப்பையும் குளோரினை முதலில் தின்றுவிடும். மிச்சம் இருந்தால்தான் கிருமிக்குப் போகும். அதனால் ஒரே ஒரு முறை, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற கடுமையான அளவில் போட வேண்டும். நன்னீர் கிணறுகளுக்கு உலகம் முழுக்க இந்த அளவையோ இதைவிடச் சற்று கூடுதலாகவோதான் பயன்படுத்துகிறார்கள்.

பவுடர் கணக்கில் இது எவ்வளவு? புதிதாகத் தயாரித்த பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். கடையில் மாதக்கணக்கில் கிடந்ததில் அவ்வளவு இருக்காது. 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,000 லிட்டருக்கு 200 கிராம். நம் கிணற்றுக்கு 2 கிலோ 800 கிராம். ஒரு கை அல்ல, கிட்டத்தட்ட 3 கிலோ!

ஒரு எச்சரிக்கை. காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டால் பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும். வாய் திறந்த சாக்கில் இருந்து நிறுத்துத் தரும் பவுடரை வாங்காதீர்கள். கட்டியாகி, வாசனையே இல்லாமல் இருந்தால் அது வெறும் சுண்ணாம்புதான். கோலம் போட வேண்டுமானால் உதவும்.

போடும் முறை

முதலில் முடிந்தவரை கலங்கலைக் குறையுங்கள். நீர்மட்டம் இறங்கிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, ஊற்றுத் தண்ணீர் தெளிந்து வரும் வரை விட்டு விட்டுச் செய்யுங்கள். கிணற்றில் மீன் விட்டிருந்தால் முதலில் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். இந்த அளவு குளோரினில் ஒரு மீனும் பிழைக்காது.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பவுடரைக் கூழாகக் கரைத்து, பிறகு அதில் கலக்கி விடுங்கள். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். டாய்லெட் கழுவும் ஆசிட் அருகிலேயே இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலையே பதம் பார்த்துவிடும்.

10 நிமிடம் அசையாமல் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அடியில் இருக்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும், சோப்பு நுரைக்காது. தெளிந்த கரைசலில் பாதியைக் கிணற்றின் உள்சுவரில் சுற்றிலும் ஊற்றிக் கழுவி விடுங்கள். மீதியை வாளியில் எடுத்து, கயிற்றில் கட்டி, தண்ணீருக்குள் மூழ்கவிட்டு மேலும் கீழும், பக்கவாட்டிலும் இழுத்து ஆட்டுங்கள். மேலே ஊற்றிவிட்டு வந்துவிட்டால் அடித் தண்ணீருக்கு மருந்து போய்ச் சேராது.

அடுத்து எல்லோரும் மறக்கும் ஒரு வேலை. மோட்டாரைப் போட்டு, சம்ப், மாடித் தொட்டி, சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய் என்று ஒவ்வொன்றிலும் குளோரின் வாசனை வரும் வரை தண்ணீரை ஓடவிட்டு மூடுங்கள். கிணற்றை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, வெள்ளத்தில் மூழ்கிய சம்பையும் தூசு படிந்த மாடித் தொட்டியையும் அப்படியே விட்டால், சுத்தமான தண்ணீரை அழுக்குப் பாத்திரத்தில் பிடித்த கதைதான். வீட்டில் ஆர்.ஓ. கருவி இருந்தால் அதற்குப் போகும் குழாயை மட்டும் முதலில் மூடிவிடுங்கள், குளோரின் அதன் சவ்வைக் கெடுக்கும்.

அப்படியே 12 மணி நேரமாவது, முடிந்தால் ஒரு நாள் முழுக்க விடுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரில் குளிக்கக்கூட வேண்டாம். பிறகு வாசனை அடங்கும் வரை இறைத்து வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கோ குளத்துக்கோ விடாதீர்கள். செப்டிக் டேங்குக்குள்ளும் மொத்தமாக விட வேண்டாம், கழிவை மட்க வைக்கும் பாக்டீரியா அங்கே செத்துப்போகும்.

கடைசியாக, குடிக்கிற தண்ணீரில் குளோரின் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்லும் அளவு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். ஊராட்சி மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டியில் சில சொட்டு மருந்து விட்டு, நிறத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

வீட்டில் போர்வெல்தான் இருக்கு என்பவர்களுக்கு

ஆழத்தில் இருந்து வருகிறது, அதனால் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். கேசிங் பைப்பின் வாய் தரை மட்டத்தில் இருந்து, அதன் மேல் ஒரு சிமென்ட் சாக்கு மட்டும் கட்டி வைத்திருந்தால், வெள்ளம் நேராக உள்ளே இறங்கியிருக்கும். கணக்கு இங்கேயும் அதேதான், விட்டம் மட்டும் அங்குலத்தில். ஆறரை அங்குலக் குழாயில் ஒரு அடிக்கு 6.5 லிட்டர் தண்ணீர் நிற்கும், நாலரை அங்குலத்தில் 3 லிட்டருக்குச் சற்று மேல். ஆறரை அங்குல போரில் 200 அடி தண்ணீர் என்றால் 1,300 லிட்டர். 25 சதவீத பவுடர் 260 கிராம் தேவைப்படும்.

தெளிந்த கரைசலைக் குழாய்க்குள் ஊற்றி, மோட்டாரை ஓடவிட்டு, வரும் தண்ணீரை ஹோஸ் வழியாகத் திரும்ப போருக்குள்ளேயே விடுங்கள். ஒரு மணி நேரம் இப்படிச் சுற்றினால் மருந்து மேலிருந்து கீழ் வரை கலந்துவிடும். பிறகு இரவு முழுக்க விட்டு, மறுநாள் இறைத்துத் தள்ளலாம். இதெல்லாம் முடிந்ததும் கேசிங் பைப்பைத் தரையில் இருந்து 2 அடியாவது உயர்த்தி, இறுக்கமான மூடி போட்டு, சுற்றிலும் சிமென்ட் தளம் போடுங்கள். அடுத்த வெள்ளத்துக்கு இந்த ஒரு வேலைதான் பதில்.

கழிவுநீர் எப்படி உள்ளே வருது?

கிணற்றுக்கும் கழிவுநீர் இறங்கும் இடத்துக்கும் நடுவில் குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி இருக்க வேண்டும் என்பது பொது சுகாதாரப் பாடப்புத்தகக் கணக்கு. அரை கிரவுண்டில் வீடு கட்டி, முன்பக்கம் கிணறு, பின்பக்கம் செப்டிக் டேங்க் வைத்திருக்கும் நகரத்தில் இந்த 50 அடிக்கு எங்கே போவது? அப்படியே நாம் விட்டாலும், மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டின் செப்டிக் டேங்க் நம் கிணற்றுக்கு 10 அடியில் இருக்கும். புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் செப்டிக் டேங்கைப் பாருங்கள். பல வீடுகளில் அதற்கு அடித்தளமே போட்டிருக்க மாட்டார்கள். "சீக்கிரம் நிறையாது சார்" என்று மேஸ்திரி பெருமையாகச் சொல்லியிருப்பார். நிறையாது என்றால் எங்கே போகிறது? மண்ணுக்குள்தான். அங்கிருந்து நம் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ. நாலு பக்கமும் அடியும் பூசிய தொட்டி, அதைக் காலாகாலத்தில் லாரி வைத்து உறிஞ்சுவது, இரண்டும்தான் கிணற்றுக்கு உண்மையான மருந்து. மழைக்காலத்துக்கு முன்பே உறிஞ்சிவிட்டால், வெள்ளம் வந்தாலும் வெளியே வழியக்கூடியது குறையும்.

அடுத்தது கிணற்றின் மேல்பகுதி. தண்ணீர் மண் வழியாக மெல்ல இறங்கி வந்தால், மண்ணே ஓரளவு வடிகட்டும். கிணற்றை ஒட்டி விரிசல் வழியாக நேராக இறங்கினால் அந்த வடிகட்டல் கிடையாது. அதனால் மேல் 20 அடி வரை உறைகளின் இணைப்பு சிமென்ட் பூசி அடைபட்டிருக்க வேண்டும். இரண்டரை அடிக்குக் குறையாமல் கைப்பிடிச் சுவர், சுற்றிலும் 3 அடிக்கு வெளிப்பக்கம் சரிந்த சிமென்ட் மேடை, அதில் விழும் தண்ணீர் தூரமாகப் போக ஒரு வாய்க்கால். கிணற்றடியில் துணி துவைத்து, பாத்திரம் விளக்கி, அந்தத் தண்ணீர் மேடை விரிசலில் இறங்கி மறுபடி கிணற்றுக்கே வரும் வீடுகள் நிறைய. அந்த விரிசலைப் பூச அரை மூட்டை சிமென்ட் ஆகுமா?

மழைநீர் சேகரிப்பையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமானது. மொட்டை மாடித் தண்ணீரைக் கிணற்றுக்கு விடுவது மிக நல்ல விஷயம். 2019 கோடையில் சென்னை தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்தது யாருக்கும் மறந்திருக்காது. ஆனால் அந்தக் குழாய் நேராகக் கிணற்றில் விழக் கூடாது. மாடியில் இருக்கும் புறா எச்சமும் காய்ந்த இலையும் தூசும் முதல் மழையோடு உள்ளே வரும். முதல் மழையை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு, பிறகு மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி, அதற்கப்புறம்தான் கிணறு. கிணற்றை மூடிப்போடும்போது கொசு புகாத வலையும் சேர்த்துப் போடுங்கள். நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவுக்குக் கிணறும் மாடித் தொட்டியும்தான் பிடித்த இடங்கள்.

பானையைத் தொங்கவிடலாமா?

தினமும் பவுடர் கரைத்துக்கொண்டிருக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. நாக்பூரில் இருக்கும் நீரி என்ற தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இரட்டைப் பானை முறை. ஒரு சின்னப் பானை, அதைவிடப் பெரிய இன்னொரு பானை, இரண்டிலும் ஒவ்வொரு சிறு துளை. 1 கிலோ பிளீச்சிங் பவுடரும் 2 கிலோ கொரகொரப்பான மணலும் கலந்து, லேசாக ஈரப்படுத்தி சின்னப் பானையில் நிரப்ப வேண்டும். அதைப் பெரிய பானைக்குள் வைத்து, வாயை பாலிதீன் தாளால் கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தொங்கவிட வேண்டும். குளோரின் துளை வழியாக மெல்ல மெல்லக் கசியும். சுமார் 4,500 லிட்டர் இருக்கும் சின்ன வீட்டுக் கிணற்றுக்கு, தினமும் 400 லிட்டர் அளவில் இறைத்தால், 2 முதல் 3 வாரம் வரை தாங்கும். பெரிய கிணற்றுக்கு இது போதாது.

தேற்றாங்கொட்டையை உரசிப் போடுவது, படிகாரம் சுற்றுவது பற்றியும் பலர் கேட்கிறார்கள். இரண்டும் கலங்கலைத் தெளிய வைக்கும், அதில் சந்தேகமே இல்லை. நம் பாட்டிகள் சும்மா செய்யவில்லை. ஆனால் தெளிந்த தண்ணீரும் கிருமி இல்லாத தண்ணீரும் ஒன்றல்ல. தெளிய வைத்த பிறகு காய்ச்சவோ குளோரின் போடவோ வேண்டும். காய்ச்சுவது என்றால் லேசாகச் சூடாக்குவது இல்லை, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகளும் இதில் செத்துவிடும். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில், பரிசோதனை முடிவு வரும் வரை காய்ச்சிய தண்ணீர்தான்.

பிளீச்சிங் பவுடரால் முடியாதவை எவை என்பதும் தெரிந்திருக்கட்டும். உப்பு, கடினத்தன்மை, உரத்தாலும் கழிவாலும் வரும் நைட்ரேட், தர்மபுரி போன்ற மாவட்டங்களில் பாறையிலிருந்தே கரையும் ஃபுளூரைடு, இவை எதையும் குளோரின் தொடாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்றுவதால் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். வெள்ளத்தில் பக்கத்து வண்டி ஷெட்டின் டீசலோ ஆயிலோ கலந்து, தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் நின்றால், அந்தக் கிணற்றை அப்படியே விட்டுவிட்டு ஆய்வகத்துக்குச் சொல்லுங்கள்.

எங்கே பரிசோதிப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனை ஆய்வகங்கள் இருக்கின்றன. பொதுமக்களும் கட்டணம் செலுத்தி மாதிரி கொடுக்கலாம். சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிறுவனத்திலும் தண்ணீர் பரிசோதிக்கிறார்கள். போகும்முன் போன் செய்து, கிருமிப் பரிசோதனையும் ரசாயனப் பரிசோதனையும் தனித்தனி என்பதால் இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். ரசாயனம் மட்டும் பார்த்துவிட்டு "டி.டி.எஸ். நல்லா இருக்கு" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது உப்பின் அளவை. அதற்குக் கிருமி தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் அதில் அழகான எண்ணைக் காட்டலாம்.

மருந்து போட்ட மறுநாளே மாதிரி எடுத்தால் முடிவு நன்றாகத்தான் வரும், குளோரின் அப்போது வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு வாரம், 10 நாள் கழித்து, குளோரின் முழுக்கப் போன பிறகு எடுங்கள். கழிவுநீர் மறுபடி வருகிறதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், பழைய கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில் ஆகாது. குழாயை 2, 3 நிமிடம் ஓடவிட்டு, பாட்டில் வாயில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் 6 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய வரி ஈ-கோலை. 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இது மனிதக் கழிவிலும் விலங்குக் கழிவிலும் மட்டுமே வரக்கூடியது என்பதால், இருந்தால் கழிவு கலக்கிறது என்று அர்த்தம். அடுத்து நைட்ரேட், 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து அதிகமாக வந்தால், இன்னொரு 3 கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். செப்டிக் டேங்கைத் திறந்து பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள், மதிலுக்கு அந்தப் பக்கமும் ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். அவர்கள் வீட்டுக் கிணற்றிலும் இதே தண்ணீர்தான் இருக்கும்.